வீட்டில் செய்த பெட்டியும் ஸ்கோப்பின் கிரவுண்டும்

மின் பாகங்களைச் சோதிக்க வீட்டில் ஒரு பெட்டி செய்து, ஸ்கோப்போடு, அதாவது வோல்டேஜைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்போடு, இணைத்தேன். எக்ஸ் அச்சு ஒழுங்காக வேலை செய்தது, ஒய் அச்சில் மட்டும் ஒன்றுமே இல்லை. ரெசிஸ்டரை மாட்டினாலும் படுக்கைக் கோடு, டயோடை மாட்டினாலும் படுக்கைக் கோடு. இரண்டு கிளிப்பையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் கோடு செங்குத்தாக நிமிர வேண்டும், ஆனால் திரையின் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கியது. இரண்டு நாள் மாலை இதிலேயே போனது.

நான் செய்திருந்தது ரொம்ப எளிமையான பெட்டி. பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாக ‘ஆக்டோபஸ்’ என்று சொல்லி வரும் காம்பொனென்ட் டெஸ்டர் அது. 6.3 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சோதிக்க வேண்டிய பாகத்தைப் பிடிக்க இரண்டு கிளிப், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுற்றில் ஒரு முனையிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் 1 கிலோ ஓம் வழியாகப் போய், பாகத்துக்குள் நுழைந்து, 100 ஓம் வழியாக மறுமுனைக்குத் திரும்பும். பாகத்தின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்டேஜ் எக்ஸ் அச்சுக்குப் போகிறது. 100 ஓமில் விழும் வோல்டேஜ், அதாவது மின்னோட்டத்தின் அளவு, ஒய் அச்சுக்குப் போகிறது. பாகமும் 100 ஓமும் சந்திக்கும் இடம்தான் ஸ்கோப்பின் கிரவுண்டு, அதாவது ஸ்கோப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும் புள்ளி. அங்கிருந்து பார்த்தால் ஒய் தலைகீழாக வரும், அதனால் ஸ்கோப்பின் அந்தச் சேனலை (நுழைவாயிலை) இன்வர்ட் செய்துவிட வேண்டும். ஒரு சேனல் கிடையாகவும் இன்னொன்று செங்குத்தாகவும் புள்ளியை நகர்த்தும் எக்ஸ்-ஒய் நிலைக்கு ஸ்கோப்பை மாற்றினால் பாகத்தின் வோல்டேஜ்-மின்னோட்ட வரைபடம் திரையில் அப்படியே நிற்கும்.

தவறு எங்கே இருந்தது என்றால், பெட்டி உலோகப் பெட்டி, அதை எர்த் செய்திருந்தேன். அது சரிதான், உலோகப் பெட்டி என்றால் எர்த் செய்துதான் ஆக வேண்டும். கூடவே, பாதுகாப்புக்கு நல்லது என்று நினைத்து, வெளியீட்டுச் சுற்றின் ஒரு முனையையும் பெட்டியோடு சேர்த்து சால்டர் வைத்திருந்தேன். 100 ஓமின் கடைசி முனை போய்ச் சேரும் அதே முனை. இப்போது பாருங்கள், 100 ஓமின் ஒரு பக்கம் பெட்டியின் பிளக் வழியாக எர்த்துக்குப் போகிறது. மறுபக்கத்தில் ஸ்கோப்பின் கிரவுண்டைக் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஸ்கோப்பின் பிளக் வழியாக அதே எர்த்துக்குத்தான் போகிறது. ஆக, 100 ஓமின் இரண்டு பக்கத்தையும் சுவருக்குள் ஓடும் எர்த் கம்பியால் ஷார்ட் செய்துவிட்டு, அதில் வோல்டேஜ் வரவில்லையே என்று தேடிக்கொண்டிருந்தேன். நான் வரைந்த சர்க்யூட் படத்தில் இந்த ஷார்ட் எங்கும் இல்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் நான் ஸ்கோப்பை வரையவே இல்லை.

எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, மல்டிமீட்டரை எடுத்த பிறகுதான் புரிந்தது. ஸ்கோப்பில் கேபிள் மாட்டும் வட்டமான பி.என்.சி. சாக்கெட்டின் வெளி உலோகத்துக்கும் அதன் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே அளந்தேன், ஒரு ஓமுக்கும் குறைவு. இந்த அளவை எல்லோரும் தங்கள் ஸ்கோப்பில் ஒருமுறையாவது எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. புத்தகத்தில் படிப்பது வேறு, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழுவதை நாமே பார்ப்பது வேறு. அப்படியே ஒரு சேனலின் வெளி உலோகத்துக்கும் அடுத்த சேனலுடையதற்கும் இடையே அளந்து பாருங்கள், அதுவும் ஷார்ட்தான். சாதாரண மேசை ஸ்கோப்பில் நான்கு சேனல் இருந்தாலும் கிரவுண்டு ஒன்றுதான். நான்கு ப்ரோப்பின் (தொட்டு அளக்கும் கம்பியின்) கிரவுண்டு கிளிப்புகளை நான்கு வெவ்வேறு இடத்தில் மாட்டினால் அந்த நான்கு இடங்களும் ஒன்றாகிவிடும். கணினியில் செருகும் யு.எஸ்.பி. ஸ்கோப்பிலும் பெரும்பாலும் இதே கதைதான், அங்கே எர்த் கணினி வழியாக வரும்.

என் பெட்டியில் அந்த ஒரு சால்டரை எடுத்தேன். பெட்டி எர்த்தில் இருக்கட்டும், டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுற்று எதையும் தொடாமல் மிதக்கட்டும், பாகமும் 100 ஓமும் சந்திக்கும் புள்ளி மட்டும் பி.என்.சி.யின் வெளி உலோகத்தோடு சேரட்டும். உடனே கோடு நிமிர்ந்தது.

எனக்கு இது 6.3 வோல்ட்டில் நடந்தது, அதனால் எதுவும் எரியவில்லை. மெயின்ஸோடு நேரடியாக இணைந்த ஸ்விட்சிங் பவர் சப்ளையின் முதல் பாதியில் இதே கிளிப்பை மாட்டியிருந்தால் கதை வேறு. மெயின்ஸிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் கிளிப் வழியாக, ஸ்கோப்பின் உடல் வழியாக, எர்த்துக்குப் பாயும். கிளிப் கருகும், கையில் இருக்கும் போர்டும் போகும், ஸ்கோப்பும் போகலாம். இதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள் தொடும் ஒவ்வொரு உலோகப் பகுதியும், பி.என்.சி. வெளிப்பக்கம் உட்பட, மெயின்ஸ் வோல்டேஜுக்குப் போய் நிற்கும். சோதிக்கப்படும் சாதனத்தை, மெயின்ஸோடு நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடலாம், அல்லது கிரவுண்டைத் தொடாமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும், அந்த வோல்டேஜுக்கென்றே செய்யப்பட்ட டிஃபரன்ஷியல் ப்ரோப்பைப் பயன்படுத்தலாம். மெயின்ஸில் கைவைக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப்பை மட்டும் வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, ஆக்டோபஸுக்குத் திரும்புவோம், அது காட்டும் படங்கள் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. கிளிப்புகள் திறந்திருந்தால் படுக்கைக் கோடு, ஷார்ட் என்றால் நிமிர்ந்த கோடு. ரெசிஸ்டர் என்றால் சாய்ந்த கோடு, மதிப்பு குறையக் குறைய நிமிரும். கெப்பாசிட்டர் என்றால் நீள்வட்டம். 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோஃபாரட் என்பது சுமார் 3.2 கிலோ ஓம், அதனால் நன்றாகத் தெரியும் வட்டம் வரும். 0.01 மைக்ரோஃபாரட் 318 கிலோ ஓம், அது ஏறக்குறைய திறந்த கிளிப் மாதிரியே படுத்துக்கிடக்கும். சிறிய கெப்பாசிட்டர்களை இந்தப் பெட்டியில் சோதிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். டயோடு என்றால் ஒரு பக்கம் படுக்கை, 0.6 வோல்ட் பக்கத்தில் ஒரு முழங்கை மடிப்பு, அப்புறம் நேரே மேலே. 6.3 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ். அளவு, அதாவது ஒரு வகைச் சராசரி, உச்சம் 8.9 வோல்ட் வரை போகும். அதனால் சாதாரண சிறு டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டரில் மாட்டினால் மறுபக்கத்திலும் ஒரு மடிப்பு தெரியும், அந்தச் சந்தி தலைகீழாக ஆறேழு வோல்ட்டிலேயே உடைந்துவிடுவதால். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நெடுநேரம் அப்படியே விடாதீர்கள், டிரான்சிஸ்டரின் பெருக்கம் அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பழுதான போர்டில் சோதிப்பதென்றால் போர்டுக்கு மின்சாரம் இருக்கக்கூடாது, பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாகியிருக்க வேண்டும். இதே வகைப் போர்டு நல்லது ஒன்று பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு காலாகத் தொட்டு இரண்டின் படத்தையும் ஒப்பிடுங்கள், எங்கே படம் மாறுகிறதோ அந்தப் பக்கமாகத் தேடினால் போதும்.

படம் நேர்மையாக வர இரண்டு சேனலும் டி.சி. கப்ளிங்கில், அதாவது சிக்னலை அப்படியே உள்ளே விடும் நிலையில், இருக்க வேண்டும். நான் ஒருமுறை ஒய் சேனலை, சராசரியை வடிகட்டிவிடும் ஏ.சி. கப்ளிங்கில் விட்டுவிட்டேன், நல்ல ரெசிஸ்டர் மெலிந்த நீள்வட்டமாகத் தெரிந்தது. ஏ.சி. கப்ளிங்கின் கீழ் எல்லை சில ஸ்கோப்புகளில் 10 ஹெர்ட்ஸ் வரை இருக்கும், அப்படியானால் 50 ஹெர்ட்ஸில் அலையின் ஃபேஸ் ஏறக்குறைய 11 டிகிரி நகர்ந்துவிடும். டயோடில் இன்னும் மோசம், மின்னோட்டத்தின் சராசரியை ஸ்கோப் கழித்துவிடுவதால் படம் முழுக்கக் கீழே இறங்கி, படுக்கைக் கோடு பூஜ்யத்தில் இல்லாமல் எங்கோ நிற்கும். பழைய சி.ஆர்.டி. (படக்குழாய்) ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸ்-ஒய் நிலையில் சிக்னல் இல்லாவிட்டால் கதிர் ஒரே புள்ளியில் நிற்கும், திரையின் பாஸ்பர் பூச்சு எரிந்து தழும்பு விழும், அதனால் முதலில் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்து நான் செய்தது ஒரு பல்ஸ் பெட்டி, ஸ்கோப்பின் வேகத்தை அளப்பதற்காக. 74ஏசி14 என்ற, ஆறு கேட் (சிறு லாஜிக் சுற்று) கொண்ட ஷ்மிட் டிரிகர் சிப், 5 வோல்ட், ஒரு கேட்டில் ஆசிலேட்டர் (தானே அலை எழுப்பும் சுற்று), இன்னொரு கேட்டின் வெளியீட்டை நேராக பி.என்.சி.க்குக் கொடுத்தேன். அங்கிருந்து ஒரு மீட்டர் ஆர்.ஜி.58 கோஆக்சியல் கேபிள் போட்டு ஸ்கோப்பின் 1 மெகா ஓம் நுழைவாயிலில் மாட்டினேன். திரையில் சதுர அலை வரவில்லை, ஒவ்வொரு விளிம்புக்குப் பிறகும் மணி அடித்த மாதிரி ஓர் அதிர்வு, 5 வோல்ட்டைத் தாண்டி எகிறி, மெல்ல மெல்ல அடங்கியது. சிப் கெட்டது என்று நினைத்து வேறு சிப் போட்டேன், அதே அதிர்வு. அதிர்வின் ஒரு சுற்று 20 நானோ விநாடி இருந்தது. கையில் அரை மீட்டர் கேபிள் ஒன்று கிடந்தது, அதை மாட்டிப் பார்த்தேன், சுற்று 10 நானோ விநாடியானது. சிப்பும் ஸ்கோப்பும் மாறவில்லை, கேபிளின் நீளம்தான் பாதியாகியிருக்கிறது. அப்போதே தெரிந்துவிட்டது, அடிப்பது கேபிள்தான்.

கணக்கு இதுதான். ஆர்.ஜி.58இல் சிக்னல் ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகிறது, ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோ விநாடி. மறுமுனையில் கேபிளின் சொந்த அளவான 50 ஓமுக்குப் பதிலாக 1 மெகா ஓம் இருந்தால் சிக்னல் சுவரில் பட்ட பந்து மாதிரி முழுசாகத் திரும்புகிறது. கேட்டின் வெளியீடு 50 ஓமைவிட ரொம்பக் குறைவு, அதனால் அங்கே போய்த் தலைகீழாகிப் பிறகு மறுபடி வருகிறது. இரண்டு முறை போய் வந்தால் ஒரு சுற்று, நான்கு ஐந்து 20. இதைக் கொல்ல இரண்டு இடத்தில் வேலை செய்யலாம். ஸ்கோப் பக்கத்தில் ‘டி’ கனெக்டர் போட்டு அதன் ஒரு கிளையில், சிக்னலைத் திரும்பவிடாமல் விழுங்கும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டலாம். பெட்டிப் பக்கத்தில் ஆசிலேட்டர் கேட்டை விட்டுவிட்டு மீதி ஐந்து கேட்டுகளையும் இணையாகப் போட்டு, ஒவ்வொன்றின் வெளியீட்டிலும் 220 ஓம் வைக்கலாம். ஐந்தும் சேர்ந்து 44 ஓம், கேட்டின் சொந்த மின்தடையையும் சேர்த்தால் 50ஐ நெருங்கிவிடும். நான் இரண்டையும் செய்தேன். திரையில் இப்போது 2.5 வோல்ட்தான் வரும், பாதி பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடுவதால், ஆனால் விளிம்பு சுத்தமாக இருந்தது. சிப்பின் சப்ளை காலுக்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் வைக்க மறக்காதீர்கள், ஒரு சென்டிமீட்டர் தள்ளினால்கூடத் தெரிகிறது.

டெர்மினேட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை. அதுவும் ஸ்கோப்பின் உள்ளேயே இருக்கும் 50 ஓம் நிலையும் வெறும் சின்ன ரெசிஸ்டர்தான், அரை வாட் என்றால் 5 வோல்ட் ஆர்.எம்.எஸ்.தான் தாங்கும். வேறு பெட்டியை மாட்டுவதற்கு முன் அதைக் கழற்றும் பழக்கம் வேண்டும். வேகக் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: 0.35ஐ பேண்ட்விட்த்தால் (ஸ்கோப் காட்டக்கூடிய அதிர்வெண் எல்லையால்) வகுத்தால் ஸ்கோப்பின் எழுச்சி நேரம், அதாவது விளிம்பு ஏற எடுக்கும் நேரம், வரும், 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு 3.5 நானோ விநாடி. பெட்டியின் சொந்த எழுச்சி 1.5 நானோ விநாடி என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுங்கள், திரையில் சுமார் 3.8 தெரியும். ஆக, பெட்டி ஸ்கோப்பைவிட இரண்டு மடங்கு வேகமாக இருந்தாலே அளவு ஓரளவு நம்பக்கூடியது.

இந்த இடத்தில் ப்ரோப்பைப் பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். பயன்படுத்தலாம், ஆனால் அதன் கிரவுண்டு வயர் 15 சென்டிமீட்டர் நீளம், மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்றி என்று வைத்தால் 150 நானோஹென்றி, ப்ரோப் முனையின் 10 பிகோஃபாரடோடு சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸில் தானே ஒரு டியூன்டு சர்க்யூட் ஆகிவிடும். பிறகு நீங்கள் பார்ப்பது அந்த வயரின் அதிர்வாக இருக்கும். வீட்டில் செய்யும் பெட்டிக்கு பி.என்.சி. சாக்கெட் போட்டுவிடுவதே நல்லது என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேபிளால் வரும் இன்னொரு தொல்லை, கெப்பாசிட்டன்ஸ். ஒரு மீட்டர் ஆர்.ஜி.58 என்பது 100 பிகோஃபாரட், அதோடு ஸ்கோப்பின் நுழைவாயில் இன்னும் 15, 20. பவர் சப்ளையின் நுண்ணிய இரைச்சலைப் பார்க்க ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பில் ஒரு முன்பெருக்கி செய்து, மேசையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கோப்பில் மாட்டியதும் பெரிய இரைச்சல், அதுவும் சீரான சைன் அலையாக, மெகாஹெர்ட்ஸ் கணக்கில். ஆப்-ஆம்ப்புக்கு அந்தக் கெப்பாசிட்டரைச் சுமந்துகொண்டு நிலையாக நிற்க முடியவில்லை, தானே ஆசிலேட்டர் ஆகிவிட்டது. வெளியீட்டுக்கும் பி.என்.சி.க்கும் நடுவில் 100 ஓம் ஒன்றை வைத்தேன், ஃபீட்பேக்குக்காக வெளியீட்டைத் திரும்ப உள்ளே எடுக்கும் இடத்துக்கு வெளியே. அதிர்வு நின்றது. இப்போது நான் செய்யும் எந்தப் பெட்டியிலும் ஆப்-ஆம்ப் வெளியே வருகிறது என்றால் 47 அல்லது 100 ஓம் இல்லாமல் வராது.

பேட்டரியில் ஓடும் பெட்டிகளில் கிரவுண்டுத் தொல்லை பாதி கிடையாது, முடிந்த இடத்திலெல்லாம் நான் 9 வோல்ட் பேட்டரிதான் வைக்கிறேன். இரண்டு பின் அடாப்டரில் ஓட்டினால் கவனம் தேவை. எர்த் இல்லாத ஸ்விட்சிங் அடாப்டர்களில் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும், அதன் வழியாக வரும் கசிவால் பெட்டியின் கிரவுண்டு எர்த்திலிருந்து பல பத்து வோல்ட் தள்ளி மிதக்கும். மின்னோட்டம் ரொம்பக் குறைவுதான், ஆனால் ஒரு எஃப்.இ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்) நுழைவாயிலைக் கொல்ல அது போதும். அப்படி ஒன்றை நான் இழந்தேன், ஸ்கோப்பின் கிரவுண்டை மாட்டுவதற்கு முன்பு ப்ரோப் முனையை வைத்ததால். கிரவுண்டு கிளிப் முதலில், முனை பிறகு, கழற்றும்போது முனை முதலில்.

சிக்னல் ஜெனரேட்டர் செய்கிறவர்கள் ஒரு சாக்கெட் அதிகமாகப் போட்டு, சிக்னலோடு ஒத்து அடிக்கும் சிங்க் வெளியீடு ஒன்று கொடுங்கள், படத்தை எப்போது வரையத் தொடங்க வேண்டும் என்று ஸ்கோப்புக்குச் சொல்லும் எக்ஸ்டர்னல் டிரிகரில் மாட்ட. சிக்னலின் அளவை எவ்வளவு குறைத்தாலும் படம் நகராமல் நிற்கும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போட்டுப் பார்த்தால் தெரியும்.

இப்போது மேசையில் இருப்பது ஸ்வீப் பெட்டி. முக்கோண அலை ஒன்று ஆசிலேட்டரின் அதிர்வெண்ணை 455 கிலோஹெர்ட்ஸின் இரு பக்கமும் ஆட்டுகிறது, அதே முக்கோணம் எக்ஸ் சேனலுக்கும் போகிறது. ரேடியோவின் ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மரைக் கடந்து வருவதை ஒரு ஜெர்மானியம் டயோடு பிடித்து ஒய் சேனலுக்குக் கொடுக்கிறது, டிரான்ஸ்ஃபார்மரின் வளைவு திரையில் மலை மாதிரி நிற்க வேண்டும். முதல் நாள் ஒரு மலைக்குப் பதில் இரண்டு தெரிந்தன, ஒன்று வலப்பக்கம் இழுத்தும் ஒன்று இடப்பக்கம் இழுத்தும். இந்த முறை சிப்பை மாற்றவில்லை, முதலில் வெளியே போகும் கம்பியையும் அதன் முன்னால் இருப்பதையும் தாளில் வரைந்தேன், ஸ்கோப்பையும் சேர்த்து. டயோடுக்குப் பின்னால் 100 கிலோ ஓம், 10 நானோஃபாரட், இரண்டையும் பெருக்கினால் வோல்டேஜ் வடியும் நேரம் 1 மில்லி விநாடி. முக்கோணம் 50 ஹெர்ட்ஸ், ஒரு பக்கம் போக 10 மில்லி விநாடி, திரையில் 10 கட்டம். அப்படியானால் மலை இறங்கும் பக்கம் ஒரு கட்டமாவது வால் விடத்தான் செய்யும், போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். கேபிளின் 100 பிகோஃபாரட் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 10 நானோஃபாரடை எடுத்துவிட்டு 1 நானோஃபாரட் வைத்தேன், இரண்டு மலையும் ஒன்றின் மேல் ஒன்று போய் உட்கார்ந்தன.